பம்பிங் 60 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்?

எக்கோ ஸ்கேன் முடித்து வெளியே வருகிறவர்கள் வீட்டுக்கு போன் போட்டு முதலில் சொல்வது ஒரு எண்ணைத்தான்: "பம்பிங் 60 பர்சன்ட்தான் இருக்காம்." கேட்பவர் உச்சுக்கொட்டுவார். மீதி 40 எங்கே போச்சு, பாதி இதயம் ஓய்ந்துவிட்டதா என்று பேச்சு ஓடும். சொல்லப்போனால் அந்த 60 நல்ல செய்தி. ஏன் என்று புரிய வேண்டுமானால், இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். போகிற வழியில் இன்னும் சில தவறான நம்பிக்கைகளையும் கழற்றி வைத்துவிடலாம்.

## அமுக்குவது ஒன்று, திசை காட்டுவது இன்னொன்று

பிரஷர் பார்க்கும் பழைய மாடல் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டையைச் சுற்றிவிட்டு நர்ஸ் ஒரு ரப்பர் பந்தை அமுக்குவார். அமுக்க அமுக்கப் பட்டைக்குள் காற்று ஏறும். விட்டதும் பந்து மறுபடி உப்பிக்கொள்ளும். ஆனால் பட்டைக்குள் போன காற்று பந்துக்குத் திரும்பி வராது.

காரணம், இரண்டு வால்வுகள். வால்வு என்றால் ஒருவழிக் கதவு. பந்தின் பின்முனையில் இருக்கும் துளையில் ஒன்று; பட்டைக்குக் காற்று போகும் வாயில் இன்னொன்று. பந்தை அமுக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பின்வால்வு சாத்திக்கொள்கிறது, முன்வால்வு திறக்கிறது. விடும்போது அழுத்தம் இறங்குகிறது. முன்வால்வு சாத்திக்கொள்கிறது, பின்வால்வு வழியாகப் புதுக்காற்று உள்ளே வருகிறது. கைக்குத் தெரிந்தது அமுக்குவதும் விடுவதும்தான். காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிப்பவை வால்வுகள். அவற்றுக்கும் சொந்தமாகப் பலமோ புத்தியோ கிடையாது. எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம் என்பதைப் பொறுத்துத் திறக்கும், மூடும். அவ்வளவுதான்.

இதயத்தின் அடிப்படை ஏற்பாடும் இதுவே. இரண்டு வித்தியாசங்கள் உண்டு. பந்தை அமுக்க வெளியே ஒரு கை வேண்டும். இதயத்தில் சுவரே தசை, அது தன்னைத்தானே அமுக்கிக்கொள்கிறது. அப்புறம், ரப்பர் பந்து உப்பும்போது காற்றை இழுக்கிறது. இதயம் அவ்வளவாக இழுப்பதில்லை. பெரும்பாலும் அது தளர்ந்து இடம் கொடுக்கிறது. வாசலில் காத்திருக்கும் ரத்தம் அந்த இடத்துக்குள் வந்து சேருகிறது.

## இதயம் இரண்டு பம்புகள்

இதயம் ஏறக்குறைய அவரவர் கைமுட்டி அளவு இருக்கும். எடை சுமார் 300 கிராம். இடது பக்கம் இருப்பதாகச் சொல்கிறோம். நெஞ்செலும்புக்குப் பின்னால், நடுவில்தான் இருக்கிறது. கூர்மையான கீழ்முனை மட்டும் இடது பக்கமாகச் சாய்ந்து விலாவை ஒட்டி இருப்பதால் துடிப்பு அங்கே கைக்குத் தட்டுகிறது.

உள்ளே நடுவில் ஒரு தடுப்புச்சுவர். வலது பாதி ஒரு பம்பு, இடது பாதி இன்னொரு பம்பு. இரண்டுக்கும் நடுவே நேர்வழி கிடையாது. ஒவ்வொரு பாதியிலும் மேலே ஒரு மெல்லிய அறை, கீழே ஒரு தடித்த அறை. மேலறை ரத்தத்தை வாங்கிக்கொள்ளும், கீழறை அனுப்பும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு வால்வு, கீழறையின் வெளிவாசலில் ஒரு வால்வு. ஆக மொத்தம் அறைகள் 4, வால்வுகள் 4.

உடல் முழுக்கச் சுற்றி வந்த ரத்தம் வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து வலது கீழறை. அது நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் கரியமில வாயுவை விட்டுவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ரத்தம் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து இடது கீழறை. அது உடலின் மிகப் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி வழியாக ரத்தத்தை உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது.

இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய்களுக்குத் தமனி என்று பெயர். இதயத்துக்குத் திரும்பி வரும் குழாய்களுக்குச் சிரை என்று பெயர். தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நுரையீரலுக்குப் போகும் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தானே? போகும் திசையை வைத்து நினைவில் கொண்டால் குழப்பம் வராது.

இந்த இடத்தில் 'சுத்த ரத்தம், அசுத்த ரத்தம்' கதையையும் முடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்ததால், இதயம் ஏதோ ரத்தத்தை வடிகட்டுகிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் ஒட்டிக்கொண்டது. இதயம் எதையும் வடிகட்டுவதில்லை. வாயு மாற்றம் நுரையீரலில் நடக்கிறது. கழிவுகளை வடிப்பது சிறுநீரகம். ஓய்வாக இருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. இதயம் தள்ளிவிடுகிற வேலைக்காரன் மட்டும். சிரையில் வரும் ரத்தம் நீலமும் இல்லை. ரத்த தானம் செய்யும்போது பையைப் பார்த்திருந்தால் தெரியும்: அது சிரையிலிருந்து எடுத்த ரத்தம், கருஞ்சிவப்பாக இருக்கும். மேலே இருக்கும் தோலில் ஒளி சிதறுவதால்தான் சிரை நீலமாகத் தெரிகிறது. அந்த ரத்தத்திலும் ஆக்சிஜன் காலியாகிவிடுவதில்லை; உடல் ஓய்வில் இருக்கும்போது ஏறக்குறைய முக்கால் பங்கு மிச்சம் இருக்கும்.

இதுவரை: இரண்டு பம்புகள், ஒன்றையடுத்து ஒன்று. வலது பம்பு நுரையீரலுக்கு, இடது பம்பு உடலுக்கு. திசையைக் காப்பவை 4 வால்வுகள்.

## ஒரே ஒரு துடிப்பு

நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் கீழறை சுருங்கியிருப்பது சுமார் 0.3 விநாடி, தளர்ந்திருப்பது சுமார் 0.5 விநாடி. ஓயாமல் உழைக்கும் உறுப்பு என்று இதயத்தைப் புகழ்கிறோம். கணக்குப் பார்த்தால் அது உழைப்பதைவிட ஓய்வெடுக்கும் நேரமே அதிகம்.

இடது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வலதிலும் அதே நேரத்தில் இதேதான் நடக்கிறது.

கீழறை தளர்ந்து கிடக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு திறந்திருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் மேலறையைத் தாண்டி நேராகக் கீழறைக்குள் ஓடுகிறது. மேலறை அமுக்கித்தான் கீழறை நிரம்புகிறது என்று நினைப்போம். அப்படி இல்லை, பெரும்பகுதி தானாகவே வந்துவிடுகிறது. கடைசியில் மேலறை ஒருமுறை சுருங்கி, மிச்சமிருக்கும் ஐந்தில் ஒரு பங்கு மாதிரி தள்ளிவிடுகிறது.

இப்போது கீழறை சுருங்கத் தொடங்குகிறது. உள்ளே அழுத்தம் மேலறையின் அழுத்தத்தைத் தாண்டியதும் நடுவிலுள்ள வால்வு பட்டென்று மூடிக்கொள்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'லப்' இதுதான். வால்வின் இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் இருக்க, அவற்றின் ஓரங்களைக் கீழறைச் சுவரோடு இழுத்துக் கட்டியிருக்கும் மெல்லிய நாண்கள் உண்டு. பார்த்தால் தையல் நூல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அழுத்தத்தைத் தாங்குவது அவைதான்.

ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த அந்த நேரத்தில் கீழறையின் இரண்டு கதவுகளும் மூடியிருக்கின்றன. ரத்தம் எங்கும் போக முடியாது. அழுத்தம் மட்டும் விறுவிறுவென்று ஏறுகிறது. பெருந்தமனிக்குள் ஏற்கனவே 80 என்ற அளவில் அழுத்தம் இருக்கிறது. கீழறை அதைத் தாண்டிய கணம் வெளிவாசல் வால்வு திறக்கிறது, ரத்தம் பாய்கிறது. அழுத்தம் 120 வரை ஏறுகிறது.

அப்புறம் கீழறை தளர்கிறது. உள்ளே அழுத்தம் பெருந்தமனியைவிடக் கீழே போனதும், போன ரத்தம் திரும்பப் பார்க்கிறது. வெளிவாசல் வால்வு மூடிக்கொள்கிறது. அது 'டப்'. அழுத்தம் இன்னும் இறங்கி மேலறையைவிடக் குறைந்ததும் நடுவால்வு திறக்கிறது, கீழறை மறுபடி நிரம்பத் தொடங்குகிறது.

ஆக, 'லப்-டப்' என்று நாம் கேட்பது இதயத்தசையின் சத்தம் அல்ல. வால்வுகள் மூடும் சத்தம். வால்வு சரியாக மூடாமல் கசிந்தாலோ, முழுக்கத் திறக்காமல் இறுகிப்போனாலோ நடுவே ஓர் இரைச்சல் கேட்கும். சிறுவயதில் வந்த தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போவது இந்தியாவில் இன்னும் இருக்கிறது. கைதேர்ந்த மருத்துவர்கள் காதால் கேட்டே எந்த வால்வு, என்ன கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

## சரி, அந்த 60

இடது கீழறை நன்றாக நிரம்பும்போது அதில் சுமார் 120 மில்லி ரத்தம் இருக்கும். ஒரு சுருக்கத்தில் வெளியே போவது சுமார் 70 மில்லி, அரை டம்ளர் கூட இல்லை. மீதி 50 மில்லி உள்ளேயே தங்கிவிடும். 120-ல் 70 என்றால் 58 சதவீதம். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். என்று போட்டு எழுதும் எண் இதுதான்: நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு பங்கு ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பது.

நல்ல இதயத்தில் இது ஏறக்குறைய 55 முதல் 70 வரை இருக்கும். நூற்றுக்கு நூறு எடுக்கும் இதயம் கிடையாது. எந்தக் கீழறையும் முழுக்கக் காலியாவதில்லை. 40-க்குக் கீழே வந்தால்தான் பம்பு தெளிவாகத் தளர்ந்திருக்கிறது என்பார்கள். பரீட்சை மார்க் மாதிரி இதைப் படிப்பதுதான் எல்லாப் பயத்துக்கும் காரணம். எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்: 60 இருப்பதாலேயே இதயத்தில் எந்தக் குறையும் இல்லை என்று ஆகிவிடாது. சுவர் விறைத்துப்போய்ச் சரியாக நிரம்பாத இதயத்திலும் அதே 60 வரலாம். 60 மில்லி மட்டும் நிரம்பி அதில் 36 மில்லி அனுப்பினாலும் 60 சதவீதம்தான். அதனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் தீர்ப்பு எழுத வேண்டாம். ரிப்போர்ட்டின் மற்ற வரிகளை மருத்துவர் பார்க்கட்டும்.

துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். நம் உடலில் மொத்தம் இருக்கும் ரத்தமும் சுமார் 5 லிட்டர்தான். ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். சின்ன லாரித் தண்ணீர் ஒன்று. மாடிப்படி ஏறினாலோ ஓடினாலோ துடிப்பும் கூடும், ஒவ்வொரு துடிப்பிலும் போகும் அளவும் கூடும்; ஆரோக்கியமான இளைஞரின் இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை அனுப்பிவிடும்.

இதே பெருக்கல் கணக்குத்தான் மருத்துவத்தையே புரட்டிப் போட்டது. சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்பது பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஐரோப்பாவில் நிலைத்த நம்பிக்கை. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, ஒரு துடிப்பில் மிகக் குறைந்த அளவே வெளியேறுவதாக வைத்துக்கொண்டு அரைமணி நேரத் துடிப்புகளால் பெருக்கினார். உடலில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வந்தது. இவ்வளவையும் கல்லீரல் புதிதாகச் செய்ய முடியாது. ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று 1628-ல் அச்சிட்டார். தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிக் கடக்கிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1661-ல், இத்தாலியின் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து அந்த மயிரிழைக் குழாய்களைக் கண்டார். தந்துகி என்கிறோம். சிவப்பணு ஒன்று நெளிந்து நுழையும் அளவுக்குத்தான் அவற்றில் பலவும் இருக்கும். உடலின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அங்கேதான்.

## 120, 80: எந்த அழுத்தம்?

பிரஷரின் மேல் எண் கீழறை சுருங்கும்போது தமனியில் ஏறும் உச்சம். கீழ் எண் அடுத்த துடிப்புக்கு முன் இறங்கி நிற்கும் அளவு. இதயம் தளரும்போது அழுத்தம் ஏன் பூஜ்யத்துக்குப் போய்விடவில்லை? பெருந்தமனியின் சுவர் மீள்தன்மை உள்ளது. ரத்தம் பாயும்போது விரிந்து கொடுத்து, இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அதே ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. அதனால்தான் இதயம் விட்டுவிட்டு அனுப்பினாலும் தந்துகிகளில் ஓட்டம் நிற்பதில்லை. வயதாக ஆகத் தமனி விறைப்பதால் பலருக்கு மேல் எண் மட்டும் ஏறும்.

வலது கீழறைக்கு இவ்வளவு சிரமம் இல்லை. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, தடையும் குறைவு. அங்கே உச்ச அழுத்தம் 25 போதும். இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு. ஆனால் இரண்டும் அனுப்பும் அளவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வலது, துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி கூடுதலாக அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் 4 லிட்டருக்கு மேல் நுரையீரலில் தேங்கிவிடும்! அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது இதயத்தசையின் ஓர் இயல்பு: கூடுதலாக நிரம்பினால், நீண்ட தசை கூடுதல் பலத்தோடு சுருங்கி அதையும் அனுப்பிவிடும். இடது பம்பு நோயால் தளர்ந்து இது கைகொடுக்காதபோதுதான் நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது. வலது தளர்ந்தால் கால் வீங்குகிறது. இதயச் செயலிழப்பு என்பது இந்த நிலை. இதயம் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

## கீழிருந்து மேலே

தந்துகிகளைத் தாண்டி வரும்போது இதயம் கொடுத்த அழுத்தத்தில் பெரும்பகுதி செலவாகிவிடும். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற, கெண்டைக்கால் தசை நடக்கும்போது சிரையை அமுக்குகிறது. மூச்சு இழுப்பதும் உதவுகிறது. சிரைகளுக்குள்ளும் ஒருவழி வால்வுகள் உண்டு. நீங்களே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த நேரான சிரை ஒன்றை மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு அந்த விரலை மட்டும் எடுங்கள். ரத்தம் மேலிருந்து ஒரு வால்வு வரை இறங்கி நின்றுவிடும். அதற்குக் கீழே சிரை தட்டையாகவே கிடக்கும். அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். ஹார்வியும் கையில் கட்டுப் போட்டு இதைத்தான் காட்டினார்.

## சொடுக்குவது யார்?

துடிக்கச் சொல்லி மூளை உத்தரவு போடுவதில்லை. வலது மேலறையின் மேல்மூலையில் உள்ள எஸ்.ஏ. கணு என்ற சிறு திசு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானாக மின்துடிப்பு எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவில் பத்தில் ஒரு விநாடி போலத் தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை காலிசெய்ய அவகாசம் அந்தத் தாமதம்தான். நரம்புகள் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். நரம்பை அறுத்து இன்னொருவருக்கு மாற்றிய இதயமும் தானே துடிக்கும்.

இசிஜி காட்டுவது இந்த மின்சாரத்தை. பம்பு எப்படி அசைகிறது என்பதை எக்கோ காட்டும். இதயத்தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. அடைப்பு உள்ளவருக்கும் ஓய்வில் எடுத்த இசிஜி நார்மலாக வருவது உண்டு.

## இதயத்துக்கு யார் ரத்தம் கொடுப்பது?

அறைகள் நிறைய ரத்தம் வைத்திருந்தும் இதயத்தின் தடித்த சுவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சிறிய தமனிகள் பிரிந்து இதயத்தின் மேற்பரப்பில் படர்கின்றன. இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களையும் சேர்த்து நெரித்துவிடுவதால், அது தளரும் அந்த 0.5 விநாடியில்தான் அதற்குப் பெரும்பாலும் ரத்தம் கிடைக்கிறது.

இந்தக் குழாய்களில் ஒன்று அடைத்து, அது ஊட்டும் தசை சாகத் தொடங்குவது மாரடைப்பு. அப்போது இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆள் நெஞ்சு இறுக்கத்தோடும் வியர்வையோடும் பேசிக்கொண்டும் இருப்பார். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதயம் பம்பு செய்வதையே நிறுத்திவிடுவது வேறு விஷயம். மின்துடிப்பு தாறுமாறாகி, கீழறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும்; ஆள் சில விநாடிகளில் நினைவிழந்து விழுவார். மாரடைப்பு இதில் கொண்டுபோய் விடலாம் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம்.

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இதயம் அமுங்குகிறது. வால்வுகள் அப்போதும் ஒருவழிக் கதவுகளாகவே இருப்பதால், தசை வேலை செய்யாவிட்டாலும் ரத்தம் முன்னோக்கிப் போகிறது. நன்றாகச் செய்தாலும் வழக்கமான ஓட்டத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கிடைக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை மூளையைக் காப்பாற்ற அது உதவும். ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் கையின் பாரத்தை முழுக்க விட்டு நெஞ்சு எழும்ப இடம் கொடுக்க வேண்டும். பாரத்தை விடாமல் அவசர அவசரமாக அமுக்கினால் அறைகள் நிரம்பாது. அடுத்த அமுக்கில் அனுப்புவதற்கு உள்ளே ரத்தம் இருக்காது.